வெள்ளி தெரியுதா?

1

சிங்கப்பூரில் எனக்கு ஒரே ஒரு கெட்ட பெயர் உண்டு. ஊரைப் பற்றி ஓயாமல் அளக்கிறவன் என்பார்கள். கப்பல் பட்டறையில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்துச் சம்பாதித்த பெயர் அது. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் கிடக்கும் கரிசல் காட்டைப் பற்றி அளக்க என்ன இருக்கிறது என்று அங்கே இருக்கும் நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆற்றில் தண்ணீர் கிடையாது. மலை கிடையாது. தென்னந்தோப்பு, படகு, அருவி எதுவும் கிடையாது. மற்ற ஊர்க்காரர்கள் கைபேசியில் தங்கள் ஊர்ப் படத்தைக் காட்டும்போது நான் சீமைக்கருவேலையையா காட்ட முடியும்? அதனால் நான் வானத்தைப் பிடித்துக்கொண்டேன். படம் எடுத்தால் விழாது, யாரும் சரிபார்க்க முடியாது.

"எங்க ஊர்ல மாடியில படுத்தா வெள்ளி எல்லாம் மூஞ்சி மேல உதிர்ற மாதிரி இருக்கும்" என்று ஆரம்பித்தால், கூட வேலை பார்க்கிறவர்கள் தேநீரை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார்கள்.

எங்கள் வீடு பதினோராவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். கிரேன் விளக்குகள் விடிய விடிய எரியும். ராத்திரி வானம் ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் இருக்கும். எப்போதாவது ஒரு நட்சத்திரம் தென்பட்டால் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் அது சக்கரத்தை இறக்கிக்கொண்டு விமான நிலையத்தில் இறங்கிவிடும். இந்த இரண்டு மூன்று வருடமாக நிலைமை இன்னும் மோசம். தெருவிளக்கு ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சளாக ஒரு வட்டம் பரவி நின்றது. புது மாதிரி பல்ப் மாட்டியிருக்கிறார்கள் என்று அதையும் என் புகார்ப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

என் மகள் நிவேதாவுக்கு ஐந்து வயதிருக்கும்போது நடந்தது இது. ஒருநாள் தூங்கவைக்கும்போது சொன்னேன்: "அப்பா சின்னப் பையனா இருக்கப்ப ஊர்ல தெனமும் மாடியில படுத்து வெள்ளி எண்ணுவேன். எண்ணி முடியாது. அவ்வளவு இருக்கும்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "அவ்வளவு வெள்ளி இருந்ததா? அப்புறம் ஏன் இங்கே வேலைக்கு வந்தீர்கள்?"

எங்கள் ஊரில் வெள்ளி என்றால் நட்சத்திரம். சிங்கப்பூர்த் தமிழில் வெள்ளி என்றால் டாலர். பாலர் பள்ளிக் கணக்கில் அவளுக்கு ஐந்து வெள்ளியில் இரண்டு வெள்ளி போனால் மீதி என்ன என்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். என் மனைவி செல்வி சிரித்த சிரிப்பில் மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

2

போன சித்திரையில் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம் முடிந்தது. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதம் கிடந்தது. நிவேதாவுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தோம். பையன் பெயர் பிரபு. சிங்கப்பூரிலேயே வேலை, சொந்த ஊர் பாளையம்பட்டி. இரண்டு பேரும் முதலிலேயே பார்த்து முடித்துவிட்டு, பிறகு எங்களைப் பார்த்து முடிக்கச் சொன்னார்கள் என்பதுதான் உண்மை. கல்யாணம் வைகாசியில் அருப்புக்கோட்டையில். பிரபுவின் அம்மா சடங்குகளை வரிசையாக எழுதி அனுப்பிய காகிதம்தான் அது.

"அப்பா, அருந்ததி பார்த்தல் என்றால் என்ன?" என்று கேட்டாள் நிவேதா. அவள் பேசுவது பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ். லிப்டை மின்தூக்கி என்பாள்.

நான் விளக்கினேன். வடக்கே ஏழு வெள்ளி கரண்டி மாதிரி இருக்கும். சப்தரிஷி மண்டலம். ஆறாவது வெள்ளி, கைப்பிடி நுனியிலிருந்து எண்ணினால் இரண்டாவது, வசிட்டர். அவரை ஒட்டினாற்போல் பொடியாக ஒன்று, அதுதான் அவர் மனைவி அருந்ததி. தாலி கட்டி, அம்மி மிதித்ததும் ஐயர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் வானத்தைக் காட்டுவார். தெரியுதா என்று கேட்பார். தெரியுது என்று சொல்ல வேண்டும்.

"முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"

"ஒம்பதரைக்கு."

"காலையிலா?"

"பின்னே?"

அவள் காகிதத்தை மேசையில் வைத்தாள். "உங்கள் திருமணத்தில் தெரிந்ததா?"

"தெரிஞ்சதே. பளிச்சுன்னு."

சமையலறையில் கரண்டி ஒன்று கீழே விழுந்தது.

நிவேதா ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். ரத்தத்தைப் பரிசோதித்து எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. "பார்க்காததைப் பார்த்தேன் என்று நான் எழுதினால் ஒருவர் செத்துப்போகலாம், அப்பா. என் திருமணத்தில் நான் சொல்லும் முதல் வார்த்தையே பொய்யாக இருக்க வேண்டுமா? பிரபுவின் பக்கத்தில் நின்றுகொண்டு? அதை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்."

எடுத்துவிடச் சொன்னேன். பிரபுவின் அம்மா போனிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். "அருந்ததி பாக்காமக் கட்டுனா அது என்ன கல்யாணம் சம்பந்தி? நாலு பேரு என்ன பேசுவாக?" மறுபடி மகளிடம் வந்தேன். அவள் ஒரு வழி சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை அருந்ததியைத் தன் கண்ணால் பார்த்துவிட்டால் அந்தச் சடங்குக்கு நிற்பாள். பார்க்காவிட்டால் நிற்கமாட்டாள். மண்டபத்தில் ஆயிரம் பேர் இருந்தாலும் சரி.

"அவ்வளவுதானே? நம்ம ஊருக்கு வா. நம்ம மாடியில இருந்தே காட்டுறேன்" என்றேன். இருபத்தேழு வருட அளப்புக்குத் தவணை வந்துவிட்டது என்று அப்போது தெரியவில்லை.

3

ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலை, பொழுது சாய்ந்ததும் அவளை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் அண்ணன் வீட்டு மாடி. வடக்குப் பக்கம் கையை நீட்டி "அங்க பாரு" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, அங்கிருந்து பளீரென்று ஒரு வெளிச்சம் எங்கள் முகத்தில் அடித்தது. கல்யாண வீட்டில் வீடியோக்காரர் லைட்டைப் போட்டால் அடிக்குமே, அந்த மாதிரி. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஐமாஸ் லைட். பனை உயரத்துக்கு ஒரு கம்பம், உச்சியில் வட்டமாக விளக்குகள். நிவேதாவின் மருதாணியில் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. வானம் மட்டும் தெரியவில்லை.

"பெரியப்பா, அந்த விளக்கைச் சற்று நேரம் அணைக்க இயலுமா?" என்று நிவேதா கேட்டாள்.

"யாரும்மா அது, நியூஸ் வாசிக்கிறது?" என்றார் அண்ணன். பிறகு என்னைக் கைகாட்டினார். "அணைக்கிறதா வேண்டாமான்னு ஒங்க அப்பனக் கேளு. அவன் வச்ச லைட்டுதான்."

இதை நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்ததால் தள்ளிப்போட்டேன். ஆறு வருடத்துக்கு முன்னால், எங்கள் அப்பா இறந்தபோது, அவர் பெயரில் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அண்ணன் மூன்று யோசனை சொன்னார். பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை, நூலகத்துக்குக் கட்டடம், பஸ் ஸ்டாப்பில் ஐமாஸ் லைட். கழிப்பறையில் அப்பா பெயரை எழுத மனம் வரவில்லை. நூலகத்துக்கு யார் போகப்போகிறார்கள் என்று நினைத்தேன். லைட் என்றால் மெயின் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்தே தெரியும். திறப்பு விழாவைக் கைபேசியில் பார்த்துக் கண்கலங்கினேன். திரையில் அது கட்டை விரல் அளவுதான் இருந்தது. அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம் பகலோடு பகலாக மதுரைக்குத் திரும்பிவிட்டேன். எரிந்து பார்த்ததில்லை.

"லைட்டு வந்ததுல இருந்து சேவல் எல்லாம் ரெண்டு மணிக்கே கூவுது" என்றார் மதினி. அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஒரு தகவலாகத்தான் சொன்னார்.

"வேற எங்கயாவது கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. பந்தக்கால் ஊன்றிவிட்டார்கள். கல்யாணப் பெண் இனி மண்டபத்துக்குப் போகும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. நிவேதா கீழே இறங்கிப் போனாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

4

மறுநாள் காலை ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். கேட்டது சின்ன விஷயம். ராத்திரி ஏழரையிலிருந்து எட்டு வரை, ஒரே ஒரு நாள், லைட்டை அணைக்க வேண்டும். அங்கிருந்த எழுத்தர் பொறுமையான இளைஞர். என் மனுவை இரண்டு முறை படித்தார்.

"சார், லைட்டு எரியலன்னு மனு வரும். எரியுதுன்னு மனு வந்ததே இல்ல."

"எரியட்டும். அரை மணி நேரம் அணைச்சாப் போதும்."

"அதுக்கு இந்த ரிஜிஸ்டர்ல கட்டமே இல்லையே சார். பழுதுன்னு ஒரு கட்டம் இருக்கு. புது இணைப்புன்னு ஒண்ணு இருக்கு. பழுதுன்னு எழுதிக்கிடட்டுமா?"

"பழுதுன்னு எழுதுனா என்ன ஆகும்?"

"யூனியன் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து, இதவிடப் பெரிய பல்ப் மாட்டிட்டுப் போவாக."

சிங்கப்பூரிலும் இப்படித்தான். அங்கே ஜன்னலில் வெளிச்சம் அடிக்கிறது என்று ஒரு தடவை இணையத்தில் புகார் கொடுத்தேன். திரைச்சீலை போட்டுக்கொள்ளும்படி மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. இரண்டு நாட்டு அலுவலகங்களும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைத் தண்ணீர் வரி கட்ட வந்த ஒரு பெண் கேட்டுக்கொண்டே நின்றார். பாண்டியம்மாள் என்று பெயர், அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு மில்லில் வேலை. ஒரு தலைமுறைக்கு முன்னால் அவருடைய அம்மா எங்கள் காட்டில் மிளகாய் பறிக்க வந்தவர்.

"அந்த லைட்டு வச்ச அண்ணன் நீங்கதானா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். பாராட்டப் போகிறார் என்று நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"எந்தக் கெழமை அணைக்கப் போறீக? சொன்னீகன்னா அன்னைக்கு லீவு போட்டுக்கிருவேன். ஏழேமுக்கால் பஸ்ஸுல நாங்க ஒம்போது பொம்பளைங்க எறங்குறோம். லைட்டு வாரதுக்கு முந்தி எங்க நாத்தனா அந்த எடத்துலதான் கட்டுவிரியன மிதிச்சா. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் காப்பாத்த முடியல." அவர் குரலில் கோபமே இல்லை. "ஒங்க அப்பா பேரு போர்டுல இருக்குல்ல. தெனமும் எறங்குனதும் அதத்தான் பாப்பேன். பாத்துட்டு நடக்குறேன்."

எங்கள் அப்பா உயிரோடு இருந்தபோது அவர் பெயரைச் சொல்லி ஒருவரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பஸ்ஸிலிருந்து தெரிய வேண்டும் என்று வீம்புக்கு வைத்த விளக்கு, என்னை மீறி நல்ல காரியமாகிவிட்டிருந்தது.

"மனுவத் திருப்பிக் குடுங்க தம்பி" என்றேன் எழுத்தரிடம்.

"வரிசை எண் போட்டாச்சு சார். வாபஸ் வாங்கணும்னா அதுக்குத் தனியா ஒரு மனு எழுதணும்."

எழுதிக் கொடுத்தேன்.

5

கல்யாணத்துக்கு முந்தைய நாள் அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. கண்மாய்க் கரை ஊருக்கு வடக்கே. கரையின் கடைசியில் கருப்பசாமி இருக்கிறார். "எல்லைச்சாமி அவருதானே? அப்ப அவரு காலடி வரைக்கும் நம்ம ஊரு எல்லைதான். யாரு கேட்டாலும் சாமி கும்புடக் கூட்டிட்டுப் போனோம்னு சொல்லிக்கிருவோம்" என்றார். சட்டத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதற்கு எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏழரை மணிக்கு நிவேதா, செல்வி, அண்ணன், நான் நான்கு பேரும் டார்ச் அடித்துக்கொண்டு கரை மேல் நடந்தோம். ஊர் வெளிச்சம் முதுகுப் பக்கம் போய்விட்டது. மேற்கே அருப்புக்கோட்டை இருக்கும் திசையில் வானம் வெளிறிக் கிடந்தது. கருப்பசாமிக்குச் சூடம் கொளுத்திக் கும்பிட்டோம். சூடம் அணைந்ததும் டார்ச்சையும் அணைக்கச் சொன்னார் அண்ணன்.

நிவேதா கைபேசியில் நட்சத்திரம் காட்டும் செயலி ஒன்றை வைத்திருந்தாள். அதை எடுக்கப் போனவள் எடுக்கவில்லை. அவள் வாயிலிருந்து ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "கரண்டி" என்றாள். "அப்பா, கரண்டி! நீங்கள் சொன்ன அதே கரண்டி. கைப்பிடியில் ஒன்று, இரண்டு... இரண்டாவது அது ஒன்றில்லை. இரண்டு! பக்கத்திலேயே பொடியாக ஒன்று! பொய் இல்லை அப்பா, நிஜமாகவே இருக்கிறது!"

இருபத்தாறு வயதுப் பெண் ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்து உலுக்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அளந்த ஒன்று உண்மையாகிவிட்டது.

"தெரிகிறதா அப்பா?"

"தெரியாம? பளிச்சுன்னு தெரியுதே."

"எங்கே, காட்டுங்கள்."

வடக்கே கையை நீட்டினேன். இருட்டில் கலங்கலாக ஒரு ஒளி தெரிந்தது. அதை நோக்கி விரலை வைத்தேன்.

எல்லோரும் என் விரல் போன திசையைப் பார்த்தார்கள். பிறகு அண்ணன் மெதுவாகச் சொன்னார். "ஏலே, அது செல்போன் டவரு."

அப்புறம் மறைக்க ஒன்றுமில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் கண் மருத்துவர் ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தார், இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள் என்று. வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. தெருவிளக்குகளைச் சுற்றி நின்ற மஞ்சள் வட்டம் என் கண்ணுக்குள் இருந்திருக்கிறது. ஒரு நாட்டின் மொத்த விளக்குகள் மேலும் நான் தொடுத்த வழக்கில் பாதிக் குற்றவாளி நானேதான். இதையெல்லாம் கரையில் நின்று சொல்லி முடித்தேன்.

நிவேதா என் கையை விடவில்லை. "ஏன் அப்பா சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டாள். திட்டாமல் கேட்டதுதான் தாங்க முடியவில்லை.

செல்வி என் பக்கம் திரும்பினாள். "அது இருக்கட்டும்" என்றாள். "நம்ம கல்யாணத்துல தெரிஞ்சுச்சா?"

அங்கே பொய் சொல்ல முடியாது. பக்கத்தில் கருப்பசாமி அரிவாளோடு நிற்கிறார். "தெரியல" என்றேன்.

"எனக்கும்தான் தெரியல. நீங்க டக்குன்னு தெரியுதுன்னு சொல்லிட்டீக. கட்டிக்கிட்ட மனுசனுக்குத் தெரியுறது நமக்குத் தெரியலையே, நம்ம மேலதான் ஏதோ குத்தமோன்னு பயந்து போயி நானும் தெரியுதுன்னுட்டேன். எத்தனையோ நாள் அத நெனச்சு வெசனப்பட்டிருக்கேன்."

இருபத்தெட்டு வருடம். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே பொய்யைத் தனித்தனியாகப் பொத்தி வைத்துக் காப்பாற்றியிருக்கிறோம். மன்னிச்சிரு என்றேன். மல்லாங்கிணற்றுக்காரியான செல்விக்கு அதெல்லாம் பழக்கமில்லை. "சரி சரி" என்று சொல்லிவிட்டு மகளின் தோளோடு தோள் வைத்து, அவள் நீட்டிய கையின் வழியே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் "ஆமா" என்றாள். "ரெண்டு இருக்கு."

ஊருக்கே வானத்தை விற்றவன் நான். அன்றைக்கு அந்தக் கரையில் அருந்ததியைப் பார்க்காத ஒரே ஆளும் நான்தான்.

6

மறுநாள் ஒன்பதரைக்கு முகூர்த்தம். தாலி கட்டியாயிற்று, அம்மியும் மிதித்தாயிற்று. ஐயர் இரண்டு பேரையும் மண்டபத்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடவே கூட்டமும் வந்தது. பிரபுவின் அம்மா முன்வரிசையில் நின்றார். வெயில் கண்ணைக் கூச வைத்தது. ஐயர் பொத்தாம் பொதுவாக வானத்தின் பக்கம் கையைத் தூக்கினார். அவருக்கு இன்னும் இரண்டு முகூர்த்தம் பாக்கியிருந்தது.

"அதோ பாருங்கோ, அருந்ததி. தெரியறதா?"

"தெரியுது" என்றான் மாப்பிள்ளை. கேள்வி முடிவதற்குள் பதில். என் ரத்தம் இல்லை, ஆனாலும் என்னைப் பார்த்த மாதிரியே இருந்தது.

"உனக்கும்மா?"

நிவேதா நிதானமாக வடக்குப் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சுச்சு" என்றாள்.

பள்ளிக்கூடத் தமிழ் இல்லை, எங்கள் ஊர்த் தமிழ். ஐயர் அதைக் கவனிக்கவில்லை. பிரபுவின் அம்மாவும் கவனிக்கவில்லை, சந்தோஷமாக அட்சதை போட்டார். நேற்று தெரிந்தது, அதைச் சொன்னாள். ஒரு பொய்யும் சொல்லாமல் சடங்கு முடிந்தது. அப்பாடா என்று நான் துண்டால் முகத்தைத் துடைத்தேன்.

அவள் முடிக்கவில்லை. மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள்.

"எங்க, காட்டுங்க."

பிரபுவின் விரல் மேலே எழுந்தது. வடக்கே கொஞ்சம் போனது, கிழக்கே கொஞ்சம் வந்தது, மண்டபத்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். விரலை இறக்கிவிட்டான்.

"தெரியல" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

செல்வி என் காதுப் பக்கம் குனிந்தாள். "மாப்ள பரவாயில்ல. ஒரே நிமிசத்துல சொல்லிட்டாரு."